முதிர்ந்த மெதோக் சிவப்பு ஒயினைச் சுவைத்து எடைபோடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இருபத்தைந்து, முப்பது வருடம் நிலவறையில் படுத்துக் கிடந்த ஒரு பிரெஞ்சு சிவப்பு ஒயின் கைக்கு வருகிறது. திறந்தவுடன் ஒரு மடக்கு குடித்துவிட்டு, ‘ஒன்றுமே இல்லை, போய்விட்டது’ என்று கிளாஸைத் தள்ளி வைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரம் பொறுத்து அதே கிளாஸை முகர்ந்திருந்தால் அவர்களே வாயடைத்துப் போயிருப்பார்கள். பழைய ஒயினை எடைபோட மூக்கும் நாக்கும் எவ்வளவு முக்கியமோ, கடிகாரமும் அவ்வளவு முக்கியம். இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது அதைத்தான்.

போர்தோ நகரத்தில் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்த வருடங்களில் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். அதனால் அந்தப் பக்கத்து ஒயினையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்: ஜிரோன்ட் முகத்துவாரத்தின் இடது கரையில் இருக்கும் மெதோக் பகுதி, 1996 அறுவடை. அங்கே சரளைக்கல் மண். தண்ணீர் தேங்காது, பகல் சூட்டைக் கல் பிடித்து வைத்துக்கொள்ளும். மெதுவாகப் பழுக்கும் கபெர்னே சோவின்யோன் திராட்சைக்கு ஏற்ற இடம். பழம் சின்னது, தோல் தடித்தது. தோலில் நிறமும், வாயைத் துவர்க்க வைக்கும் டானின் என்ற பொருளும் அதிகம். அந்த டானின்தான் ஒயினைப் பல வருடம் தாங்கிப் பிடிக்கிறது. லேபிளில் போயாக், சான் ஜூலியன், மார்கோ, சான் எஸ்தெஃப் என்று எந்த ஊர்ப்பெயர் இருந்தாலும் அது இந்தக் கரையைச் சேர்ந்தது. 1855-ல் பாரிஸ் கண்காட்சிக்காகப் போட்ட தரவரிசையில் இடம்பெற்ற சிவப்பு ஒயின் தோட்டங்களும், ஓ-பிரியோன் ஒன்றைத் தவிர, மெதோக்கைச் சேர்ந்தவையே. 1996 இந்தக் கரையில் கபெர்னே பிரமாதமாக வந்த வருடம்.

திறப்பதற்கு முன்னால் பாட்டிலைப் படியுங்கள்

லேபிள் கிழிந்திருந்தாலோ பூஞ்சை பிடித்திருந்தாலோ கவலை வேண்டாம். ஈரப்பதம் நன்றாக இருந்த நிலவறையில் காகிதம் அப்படித்தான் ஆகும். பார்க்க வேண்டியது ஒயின் நிற்கும் மட்டம். தக்கை வழியாக வருடக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி மட்டம் இறங்கிக்கொண்டே வரும். போர்தோ பாட்டிலுக்குத் தோள் உண்டு, அதுதான் அளவுகோல். கழுத்தின் அடிப்பகுதி வரை ஒயின் நின்றால் அருமையாகப் பாதுகாத்திருக்கிறார்கள். தோளின் மேல் விளிம்பில் நின்றால் இந்த வயதுக்கு அது இயல்பு. தோளின் நடுவுக்கு இறங்கியிருந்தால் யோசியுங்கள். அதற்கும் கீழே போயிருந்தால் பெரும்பாலும் காற்றுப் புகுந்து கெட்டிருக்கும். வாங்குவதற்கு முன் இந்த மட்டத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தயக்கமே கூடாது.

அப்புறம் தக்கையின் மேலிருக்கும் உறையைப் பாருங்கள். ஓரத்தில் ஒயின் கசிந்து காய்ந்த பிசுக்கு இருந்தால், எங்கோ ஒருமுறை வெப்பத்தில் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. இதையெல்லாம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். மட்டம் இறங்கிய பாட்டில் ஒன்று அற்புதமாக இருந்ததையும், கழுத்து வரை நிறைந்திருந்த பாட்டில் ஒன்று செத்துக் கிடந்ததையும் ஒரே வாரத்தில் கண்டிருக்கிறேன்.

இரண்டு நாள் நிற்க வையுங்கள்

நிறமும் டானினும் ஒன்றோடொன்று பிணைந்து, பாரம் தாங்காமல் அடியில் படிவதுதான் மண்டி. பாட்டில் படுத்திருந்தபோது அது பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். குடிக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே பாட்டிலை எழுப்பி நிமிர்த்தி வைத்தால் மண்டி முழுதும் அடிக்கு இறங்கிவிடும். மண்டி உடம்புக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் வாயில் பட்டால் கசக்கும், நறநறக்கும். ஒயினில் கலங்கினால் அதன் மணத்தையும் மழுங்கடிக்கும். ஊரிலிருந்து பாட்டிலைத் தூக்கி வந்து அன்று இரவே திறப்பது, கலங்கிய குட்டையில் முகம் பார்ப்பது மாதிரி.

குடிக்கும்போது 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ‘அறை வெப்பநிலை’ என்று பிரெஞ்சுக்காரர்கள் சொன்னது வீடுகளுக்குச் சூடேற்றும் வசதி வராத காலத்து அறையை வைத்து. இன்றைய வரவேற்பறையில் வைத்தால் சாராய நெடிதான் முன்னால் வந்து நிற்கும். கொஞ்சம் குளிர்ச்சியாகவே ஊற்றுங்கள். கிளாஸில் அது தானாகவே ஏறிக்கொள்ளும்.

தக்கையை எடுப்பது

இந்த இடத்தில் கை பதறக் கூடாது. உறையைக் கழுத்தின் உதட்டுக்குக் கீழே வெட்டி எடுங்கள். தக்கையின் தலையில் கறுப்பாகப் பூஞ்சை படிந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். முப்பது வருடத் தக்கை ஊறிப்போன ரஸ்க் மாதிரி. சாதாரணத் திருகியை நடுவில் ஏற்றினால் நடுப்பகுதி மட்டும் பெயர்ந்து கையோடு வரும், சுற்றி இருப்பது அப்படியே கழுத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்காகவே இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட தக்கை எடுப்பான் இருக்கிறது. நீளமான தகட்டை முதலில் தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் செருகி, பிறகு குட்டைத் தகட்டையும் செருகி, இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டி ஆட்டி அடிவரை இறக்க வேண்டும். பிறகு முறுக்கிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் தக்கை உள்ளே விழுந்துவிடும். உடைந்தாலும் குடி மூழ்கிவிடாது. மெல்லிய வடிகட்டியில் இறுத்துக்கொள்ளலாம்.

வந்த தக்கையைப் பாருங்கள். அடியில் மட்டும் கருஞ்சிவப்பாக நனைந்திருந்தால் நல்லது. பக்கவாட்டில் உச்சிவரை ஒயின் ஏறிய தடம் இருந்தால், ஆக்ஸிஜன் அதிகம் புகுந்திருக்கலாம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தக்கையை முகர்ந்து முடிவெடுக்காதீர்கள், அது தக்கை மாதிரித்தான் மணக்கும்.

இறுத்துவதா, வேண்டாமா?

தப்பு அதிகம் நடப்பது இங்கேதான், நானும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், வாடிக்கையாளர் ஒருவர் தன் தகப்பனாருடைய நிலவறையிலிருந்து 1970-களின் பாட்டில் ஒன்றைக் கொண்டு வந்தார். மரியாதை செய்வதாக நினைத்து, அவர்கள் சாப்பிட உட்காருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வைத்துவிட்டேன். ஊற்றும்போது தேவதாரு மரமும் உலர்ந்த அத்திப்பழமும் மணந்தது. மேஜைக்குப் போனபோது அதில் புளிப்பும் தண்ணீரும்தான் மிச்சம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மெதுவாகக் குடித்து முடித்தார். அதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

இளம் ஒயினைக் குடுவையில் ஊற்றுவது காற்றுப் படட்டும் என்று. பழைய ஒயினை இறுத்துவது மண்டியைப் பிரிக்க மட்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. திறந்தவுடன் இரண்டு விரல் அளவு கிளாஸில் ஊற்றிப் பாருங்கள். மணம் உடனே எழுந்து வந்தால், குடுவைப் பக்கமே போகாமல் பாட்டிலிலிருந்து நேராக, பாட்டிலை நிமிர்த்தாமல் தொடர்ச்சியாக எல்லாக் கிளாஸிலும் ஊற்றிவிடுங்கள். மூடிக்கொண்டு இருந்தால், அல்லது மண்டி அதிகம் இருந்தால், குடிக்கப்போகும் நேரத்தில் ஒடுங்கிய குடுவையில் இறுத்துங்கள். கழுத்துக்குக் கீழே மெழுகுவத்தியோ மொபைல் வெளிச்சமோ வைத்துக்கொண்டு ஒரே சீராக ஊற்ற வேண்டும். முதலில் மெல்லிய புகை மாதிரி ஒரு இழை தோளை நோக்கி வரும். அதன் பின்னால் கறுப்புத் துகள்கள் வரும். அந்தத் துகள் கழுத்துக்குள் நுழையும் நொடியில் நிறுத்திவிடுங்கள். அரைக் கிளாஸ் போகட்டும், பரவாயில்லை.

கிளாஸ் துலிப் பூ வடிவில், வாய் குறுகி இருந்தால் போதும். ஊற்றுவதற்கு முன் வெறுங்கிளாஸை முகர்ந்து பாருங்கள். சோப்பு, அலமாரி மரம், துடைத்த துணி என்று எது மணந்தாலும் வெறும் வெந்நீரில் இன்னொரு முறை அலசுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

கண்

வெள்ளைத் துணிக்கு மேலே கிளாஸைச் சாய்த்துப் பிடித்து நடுவையும் விளிம்பையும் பாருங்கள். இளம் மெதோக் நடுவில் மை போலவும் விளிம்பில் கத்திரிப்பூ நிறத்திலும் இருக்கும். வயதாக ஆக ஊதா மறையும், மாதுளைச் சிவப்பு வரும், கடைசியில் விளிம்பில் செங்கல் நிறம் படரும். பிரெஞ்சில் இதைத் ‘துய்லே’ என்பார்கள்; கூரை ஓட்டின் நிறம். மழையில் நனைந்த பழைய நாட்டு ஓட்டை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். 1996 மெதோக்கில் நடுவில் இன்னும் மாதுளைச் சிவப்பும் விளிம்பில் ஓட்டு நிறமும் இருந்தால் நல்ல நிலையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நடுவிலும் காப்பித்தூள் பழுப்பு வந்திருந்தால் காற்றுப் பட்டுக் கெட்ட வாசத்தை எதிர்பார்த்து மூக்கைத் தயார் செய்துகொள்ளுங்கள். நிறத்தைவிட நான் அதிகம் நம்புவது பளபளப்பை. வெளிறியிருந்தாலும் ஒளி ஊடுருவி மின்னும் ஒயினில் உயிர் இருக்கும்.

கிளாஸ் சுவரில் வழியும் ‘கண்ணீர்’ கோடுகளைப் பார்த்து மயங்க வேண்டாம். அது ஆல்கஹால் ஆவியாவதால் ஏற்படும் பரப்பு இழுவிசையின் விளையாட்டு, தரத்தின் அடையாளம் ஆகாது.

கண்ணுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2001-ல் வெளியான போர்தோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து 54 ஒயினியல் மாணவர்களிடம் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளையே அவர்கள் அதற்கும் எழுதினார்கள். படித்துக்கொண்டிருந்தவர்களுக்கே அப்படி. அதனால் கண் சொன்னதைக் காகிதத்தில் எழுதிவிட்டு, மூக்கிடம் போகும்போது கண்ணை மூடிக்கொள்வது என் வழக்கம்.

மூக்கு

முதல் முறை கிளாஸை ஆட்டவே ஆட்டாதீர்கள். அசையாத ஒயினின் மேல் நிற்கும் மணம் மிக மெல்லியது, சுழற்றிய நொடியில் கலைந்துவிடும். மூக்கை விளிம்பில் வைத்து, நாய் மோப்பம் பிடிப்பது போலக் குட்டிக் குட்டியாக இழுங்கள். பிறகு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி முகருங்கள். இடையில் மூக்கு மரத்துப்போனால் சொந்தச் சட்டைக் கையை முகர்ந்து பாருங்கள், சரியாகிவிடும்.

பழைய ஒயினில் மூன்று அடுக்கு மணம் இருக்கும். பழத்திலிருந்து வருவது ஒன்று: மெதோக்கில் கறுப்புத் திராட்சை, நாவல்பழம் மாதிரியான கருநிறப் பழங்கள், கபெர்னேயின் குடைமிளகாய்ப் பச்சை வாசமும் இதிலேயே சேரும். நொதித்தலிலிருந்தும் 225 லிட்டர் ஓக் பீப்பாயிலிருந்தும் வருவது இரண்டாவது: வனிலா, வறுவல். மூன்றாவது பாட்டிலுக்குள் காலம் சமைத்தது: தேவதாரு மரம், சுருட்டுப் பெட்டி, புகையிலை, தோல், உலர்ந்த அத்தி, காளான், காட்டுத் தரையில் மக்கிய இலை. முதல் மழைக்கு எழும் மண்வாசனை தெரிந்தவருக்கு இந்தக் கடைசி வகையைப் பிடிப்பது கடினமே இல்லை. பிரெஞ்சுப் பட்டியலில் உள்ள சொற்களை மனப்பாடம் செய்து ஒப்பிக்காதீர்கள். பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரி, வெற்றிலைச் செல்லத்தை மூடிவைத்த மாதிரி என்று உங்களுக்குத் தோன்றுவதை அப்படியே எழுதுங்கள். அடுத்த பாட்டிலில் அதே மணம் வந்தால் அந்தச் சொல்தான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

எடைபோடும்போது கேட்க வேண்டிய கேள்வி, மூன்றாம் அடுக்கு வந்துவிட்டதா என்பதோடு நிற்பதில்லை. அதற்கு அடியில் பழம் இன்னும் இருக்கிறதா என்று தேடுங்கள். உலர்ந்த பழமாக இருக்கலாம், ஒரு கீற்றாக இருக்கலாம். இருந்தால் ஒயின் உச்சியில் நிற்கிறது. வெறும் இலைச் சருகும் காளானும் மட்டும் என்றால் இறங்கிக்கொண்டிருக்கிறது.

முதுமையா, கெட்டுப்போனதா?

பழைய ஒயினில் வரும் விசித்திர மணம் எல்லாம் குறை ஆகிவிடாது. திறந்தவுடன் பூட்டிய அறை வாசமோ தீக்குச்சி வாசமோ வந்தால் பத்து நிமிடம் விடுங்கள். இத்தனை வருடம் காற்றே படாமல் இருந்ததன் வாசம் அது, பெரும்பாலும் பறந்துவிடும். பறக்காத ஒன்று உண்டு: ஈர அட்டைப்பெட்டி, நாள்பட்ட ஈரத்துணி மணம். தக்கையிலிருந்து இறங்கும் டிசிஏ என்ற வேதிப்பொருளின் வேலை. லிட்டருக்குச் சில நானோகிராம் போதும் ஒயினின் பழத்தை அழுத்திக் கொல்ல. பூட்டிய அறை வாசம் நேரம் போகப் போகக் குறையும், டிசிஏ வாசம் கூடும். சந்தேகம் வந்தால் கால் மணி நேரம் காத்திருந்து மறுபடி முகர்வதைத் தவிர வேறு வழி இல்லை.

அடிபட்டு அழுகத் தொடங்கிய ஆப்பிள் வாசம் ஆக்ஸிஜனேற்றம். நகப்பூச்சு நீக்கியின் நெடி வந்தால் ஆவியாகும் அமிலம். துளி இருந்தால் மணத்தைத் தூக்கிக் கொடுக்கும், தூக்கலாக இருந்தால் காடிதான். குதிரை லாயம் மாதிரி மணந்தால் பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட் குடிபுகுந்திருக்கிறது. அந்தக் காலத்து பிரெஞ்சு ஒயின்களில் இது சகஜம், சிலர் விரும்பிக் குடிப்பார்கள். பழத்தை மூடாதவரை எனக்கும் ஆட்சேபம் இல்லை.

வாய்

நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று வரைபடம் போட்டுச் சொல்வதை மறந்துவிடுங்கள்; 1901-ல் வந்த ஓர் ஆய்வைத் தப்பாகப் புரிந்துகொண்டதில் பிறந்தது அது. ஒரு தேக்கரண்டி அளவு ஒயினை வாய் முழுதும் படரவிடுங்கள். உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். அந்தக் காற்று மணத்தைத் தொண்டை வழியாக மூக்குக்கு ஏற்றும். பல பாட்டில் சுவைக்கும் நாளில் துப்பிவிட வேண்டும், அதில் வெட்கம் வேண்டாம்.

சிவப்பு ஒயினின் உயிர்நாடி துவர்ப்பு. இதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் துவர்ப்பைத் தொடு உணர்வாக வைத்துப் பேசுவார்கள். நாமோ அதை அறுசுவையில் ஒன்றாகச் சின்ன வயதிலிருந்து வாழைப்பூவிலும் பச்சைப் பாக்கிலும் மாவடுவிலும் தின்று பழகியவர்கள். துவர்ப்பில் எத்தனை ரகம் என்று நம் நாக்குக்குத் தெரியும். டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் உலர்கிறது. இளம் மெதோக் பச்சைப் பாக்கு கடித்த மாதிரி ஈறைப் பிடித்து இழுக்கும். வருடங்களில் டானின் ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு பகுதி மண்டியாகப் படிந்து, மிச்சம் பதமாகிவிடும். நன்றாக முதிர்ந்ததில் துவர்ப்பு இருக்கும், ஆனால் பிடிக்காது. நெல்லிக்காய் மென்ற பிறகு வாயில் ஒரு ஈரம் ஊறுமே, அந்த ஊறல் இதிலும் வர வேண்டும். விழுங்கிய பின் வாய் ஈரமாக இருந்தால் நல்ல முதிர்ச்சி. கன்னத்தின் உள்பக்கம் காய்ந்து மரத்தூள் மாதிரி ஆனால், பழம் முந்திப் போய் டானின் மட்டும் தங்கிவிட்டது என்று அர்த்தம். இனி வைத்திருந்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

புளிப்பு முதுகெலும்பு மாதிரி. அது குறைவதில்லை, மேலிருக்கும் சதை குறையும்போது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். 1990-களின் மெதோக்கில் ஆல்கஹால் பெரும்பாலும் 12.5 சதவீதம் என்று லேபிள் சொல்லும். இன்றைய 14 சதவீத ஒயினுக்குப் பழகியவர்களுக்கு இது மெலிந்ததாகத் தோன்றும். மெலிவு குறை ஆகாது, நடுவில் வெற்றிடம் இருந்தால்தான் குறை.

விழுங்கியதும் கடிகாரத்தைப் பாருங்கள். சுவையும் மணமும் எத்தனை நொடி நிற்கிறதோ அத்தனை ‘கொதாலி’ என்று பிரான்சில் கணக்கு வைப்பார்கள். ஒரு நொடி ஒரு கொதாலி. பத்துக்கு மேல் போனால் நல்ல ஒயின்.

மூன்று முறை திரும்பி வாருங்கள்

சென்ற குளிர்காலத்தில் போயாக் 1996 ஒன்றைத் திறந்தபோது எழுதியது இது. ஐந்தாம் நிமிடம்: பூட்டிய அலமாரி, இரும்பு, பழம் இல்லை. இருபதாம் நிமிடம்: பென்சில் சீவிய வாசம், பின்னால் கறுப்புத் திராட்சைத் தோல். ஐம்பதாம் நிமிடம்: தேவதாரு, புகையிலை, அத்தி, வாயில் துவர்ப்பு பட்டுத்துணி போல, முடிவு பதினான்கு நொடி. தொண்ணூறாம் நிமிடம்: அத்தி போய்விட்டது, இலைச்சருகு மட்டும், புளிப்பு முன்னால். ஐந்தாம் நிமிடத்தில் தீர்ப்பு எழுதியிருந்தால் நானும் அந்த பாட்டிலைத் தள்ளி வைத்திருப்பேன்.

நீங்களும் அப்படியே நேரம் குறித்து எழுதுங்கள். பிரான்சில் 20-க்கு மதிப்பெண் போடும் பழக்கம் உண்டு, வேண்டுமானால் போடலாம். எனக்கு அதைவிட உபயோகமானது, உச்சியில் எத்தனை நேரம் நின்றது என்ற கணக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்ற ஒயினின் இன்னொரு பாட்டில் உங்களிடம் இருந்தால் சில வருடம் விட்டு வைக்கலாம். கால் மணி நேரத்தில் சரிந்தால் இந்த வருடமே குடித்துவிடுங்கள். ஆனால் ஒரே பெட்டியில் வந்த இரண்டு பாட்டில்கூட இந்த வயதில் ஒன்றுபோல இருக்காது என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

சாப்பாடு எளிமையாக இருக்கட்டும். போயாக் ஊரிலேயே பால்குடி மறவாத ஆட்டுக்குட்டியை உப்பும் பூண்டும் மட்டும் போட்டுச் சுட்டு இதோடு வைப்பார்கள். மிளகாயும் மசாலாவும் அன்றைக்கு வேண்டாம். சுவைத்து எடைபோடும்போது ஒரு துண்டு ரொட்டியும் தண்ணீரும் போதும்.

முடிந்ததும் கிளாஸ்களை உடனே கழுவ வேண்டாம். ஒரு கிளாஸை மட்டும் அப்படியே மேஜையில் விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் எடுத்து வெறுங்கிளாஸின் அடியை முகர்ந்து பாருங்கள். நல்ல மெதோக் என்றால் ஒயின் காய்ந்து போன அந்த இடத்தில் தேவதாருவும் புகையிலையும் இன்னும் இருக்கும். அதையும் நேற்றைய குறிப்பின் கடைசி வரியாக எழுதிவிட்டு, அப்புறம் கழுவுங்கள்.